வெள்ளிப்பூச்சு

விம்பிள்டனில் ஒரு பப்பின் பின்னறை. மஞ்சள் பல்பின் கீழே தர்மினி கண்ணாடியைப் பார்த்துக் கண்ணிமையில் வெள்ளிப்பூச்சைத் தடவிக்கொண்டிருக்கிறாள். அவள் கிற்றார் வாசிக்கும், மினுக்கப் பூச்சோடு மேடையேறும் கிளாம் ரொக் குழுவின் இரண்டாவது ஒற்றைப்பாட்டு இசைத்தட்டு இந்த வாரம்தான் வெளிவந்திருக்கிறது. பக்கத்தில், ட்ரம்ஸ் வாசிக்கும் அவளுடைய அண்ணன் வாகீசன் ஈரத்துணியால் தன் முகத்துப் பூச்சைத் துடைக்கிறான். அவன் மடியில் இசை வார இதழ் ஒன்று விரிந்து கிடக்கிறது. "முதல் பாட்டைப் புகழ்ந்த அதே ஆள், இதை வெறும் மினுக்கம் எண்டு எழுதியிருக்கிறான். வெளியில எல்லாரும் வாசிச்சிருப்பினம். எங்கட முகத்தைப் பாத்துச் சிரிக்கப் போகினம்." "சிரிக்கட்டும் அண்ணை. இஞ்சால திரும்புங்கோ." அவன் தயங்குகிறான், பிறகு கண்ணை மூடுகிறான். அவள் விரல் அவனுடைய இமைகளில் முன்பைவிடத் தடிப்பாக வெள்ளியை இழுக்கிறது. கதவைத் திறந்ததும் பியர் வாசமும் விசில் சத்தமும் முகத்தில் அடிக்கின்றன. முன்வரிசையில் ஒருவன் அவர்களுடைய கண்களைச் சுட்டிக்காட்டிச் சிரிக்கிறான். "எந்தப் பாட்டில தொடங்கிறது?" என்று வாகீசன் மெல்லக் கேட்கிறான். "பத்திரிகையில ஏசின பாட்டில." ஒலிபெருக்கியின் சத்தத்தை முழுவதும் கூட்டிவிட்டு, சிரிக்கிறவனுக்கு நேரே போய் நின்று தர்மினி வாசிக்கத் தொடங்குகிறாள்.