வலது பக்கத்து போல்ட்

"என்னப்பா வேலை பார்த்தே? வண்டி இப்ப இடது பக்கமா இழுக்குதே!"

புல்வெட்டும் வண்டியை வேனிலிருந்து இறக்கவைத்த அந்தம்மா சொன்னதும் மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. தன் வேலையில் யாரும் நொட்டை சொன்னால் அவனுக்குப் பொறுக்காது.

அந்த வண்டிக்கு ஸ்டியரிங் கிடையாது. இடது கைப்பிடி இடது பின்சக்கரத்தையும் வலது கைப்பிடி வலது பின்சக்கரத்தையும் எண்ணெய் அழுத்தத்தில் ஓட்டும்; எவ்வளவு தள்ளுகிறோமோ அவ்வளவு வேகம். நேற்று எண்ணெய் மாற்றி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றியவன், வலது சக்கரம் மந்தமாக ஓடுவதைக் கண்டு அதன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் போல்ட்டையும் திருகிச் சமமாக்கியிருந்தான்.

ஏறி ஓட்டிக் காட்டினான். நூல் பிடித்தாற்போல் நேராகப் போனது.

"எங்கம்மா இழுக்குது?"

"உனக்கு இழுக்காது தம்பி. எங்க வீட்டுக்காரருக்குத்தான் இழுக்கும்." அந்தம்மா வேன் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "பக்கவாதம் வந்ததுலேர்ந்து இடது கையால முழுசா தள்ள முடியல. அதுக்குத் தோதா வலது சக்கரத்தை மந்தமாக்கினது நான்தான். வண்டி நேரா ஓடவும், கை தேறிடுச்சுன்னு அவருக்கு அத்தனை சந்தோஷம். உன்னை எண்ணெய் மட்டுந்தானே மாத்தச் சொன்னேன்?"

மெக்கானிக் போல்ட்டைப் பழையபடி திருகினான்.

வேனுக்குள்ளிருந்து அவள் வீட்டுக்காரர் தலையை நீட்டினார். "தம்பி, கோளாறு வண்டியிலதானே?"

"வண்டியில ஒண்ணுமில்லைங்கய்யா," என்றான் மெக்கானிக். "என் வேலைதான் சரியில்ல."