முந்நூற்றுப் பதினெட்டாம் விதி

“கணவன் காணாமல் போய்விட்டால் மனைவி ஏழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்,” என்றான் அவன், அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்காமலே.

“சரி,” என்றாள் அவள்.

“முற்றுப்புள்ளி.”

“அதுவும் சரி.”

புருஷன் பெண்டாட்டி சண்டை என்று நினைத்துவிட வேண்டாம். பேருந்துக் கம்பெனி ஒன்றின் பணியாளர் விதிகள், நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்; அதில் காணாமல் போன ஊழியரின் மனைவிக்குச் சேர வேண்டிய பணத்தைப் பற்றிய விதி இது. பழைய படியை அவன் புள்ளி, கமா விடாமல் சத்தமாக வாசிப்பான். புதிதாக அச்சடித்த படியில் அவள் விரல் வைத்து ஒப்பிட்டுக்கொண்டே வருவாள். அவன் ‘படிப்பவர்’, அவள் ‘பார்ப்பவர்’. ஒத்துப்போனால் “சரி”, ஒத்துப்போகாவிட்டால் சிவப்புப் பென்சிலால் ஒரு சுழி.

பத்து நாளாக இதே பாட்டுத்தான். அவள் ஆயிரக்கணக்கில் “சரி” சொல்லியிருப்பாள். மனுஷன் ஒவ்வொன்றுக்கும் உள்ளுக்குள் ஒரு குதி குதித்துக்கொண்டிருந்தான். இன்றோடு வேலை முடிகிறது, நாளை முதல் அவளுக்கு வேறு கிளை. இன்றைக்குக் கேட்காவிட்டால் இனி எப்போது கேட்பது?

“நில்லுங்க, நில்லுங்க! ‘ஆனால்’ பக்கத்துல கமாவா? என்கிட்ட இல்லையே.” சுழி விழுந்தது.

“கழுகுக் கண்ணுங்க உங்களுக்கு!”

“வழியாதீங்க. மேல படிங்க.”

முந்நூற்றுப் பதினேழு முடிந்தது. ஆனது ஆகட்டும் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு, தாளில் இல்லாத ஒரு வரியை அதே விதிக்குரலில் எடுத்துவிட்டான்.

“விதி முந்நூற்றுப் பதினெட்டு. படிப்பவரும் பார்ப்பவரும் திருமணம் செய்துகொள்ளலாமா, கேள்விக்குறி.”

பென்சில் கிறுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, “சரி. அடுத்தது.”

அடுத்ததா! அடிப்பாவி, காதில் விழவே இல்லையா? கண்ணைத் திறந்து பார்த்தான். குனிந்த தலை குனிந்தபடியே இருந்தது. எல்லாம் பழக்கதோஷத்தில் வந்த “சரி”!

வேறு வழியில்லாமல் நிஜமான முந்நூற்றுப் பதினெட்டைப் படித்தான். அது ஓட்டுநர் தொப்பியைப் பற்றியது. அதற்கும் “சரி” என்றாள். மிச்சப் பக்கங்களை அவன் சளி பிடித்தவன் குரலில் ஒப்பேற்றி முடித்தான்.

மேலாளர் அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். “முடிஞ்சுதா? எத்தனை வித்தியாசம்?”

“நாப்பத்தொண்ணு, மேடம். மத்ததெல்லாம் புள்ளியும் கமாவும். பெரிசுன்னு பார்த்தா ஒண்ணே ஒண்ணுதான். முந்நூத்திப் பதினெட்டாம் விதி.”

போச்சு, மானம் போச்சு, வேலையும் போச்சு! விழாத பேனாவைத் தேடுகிற சாக்கில் மேஜைக்கு அடியில் புகுந்துகொண்டான்.

“அதுல என்னம்மா வித்தியாசம்?”

மேஜைக்கு மேலே தாள் புரளும் சத்தம். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“இவர் படியில ‘செய்துகொள்ளலாமா’, கேள்விக்குறி. என் படியில ‘செய்துகொள்ளலாம்’, முற்றுப்புள்ளி.”