ஞாயிற்றுக்கிழமை சைக்கிள்

"மறுபடியும் பார்சலா!"

வாசலில் வாங்கிய பெட்டியை சோபாவில் தொப்பென்று போட்டாள் இளவேனில்.

"ஒண்ணுமில்ல இளா, ஹெல்மெட்" என்றான் அவள் கணவன் சிவசங்கரன்.

"ஏற்கெனவே ரெண்டு இருக்கே? உங்களுக்கு என்ன மூணு தலையா?"

"அதெல்லாம் பழசாயிடுச்சு..."

"போன மாசம் ஷூ. அதுக்கு முந்தின மாசம் கண்ணாடி. நம்ம ஸ்கூட்டரை விட அந்த சைக்கிள் விலை ஜாஸ்தி! அதை ஹால்ல நிறுத்தணும்னு டைனிங் டேபிளை பால்கனிக்குத் தள்ளியாச்சு. வர்றவங்க எல்லாம் இது வீடா, ஷோரூமான்னு கேக்கறாங்க."

சிவசங்கரன் பெட்டியை எடுத்து ஓரமாக வைத்தான். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. திருப்பிச் சண்டை போட்டாலாவது மனசு ஆறும்.

"செலவு கூடப் பரவாயில்லைங்க. பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டிக்கு வந்ததுலேருந்து வாரம் பூரா ரெண்டு பேரும் ஓடிக்கிட்டே இருக்கோம். இருக்கறது ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை. அன்னைக்கும் விடியறதுக்குள்ள சைக்கிளை எடுத்துக்கிட்டுக் கிளம்பிடறீங்க. திரும்பி வரும்போது மணி பத்தரை, பதினொண்ணு. மகா உங்ககூட உக்காந்து டிபன் சாப்பிட்டு எத்தனை மாசமாச்சு? குடும்பத்தோட கொஞ்ச நேரம் இருக்கணும்னு தோணவே தோணாதா?"

"அப்படி இல்ல இளா..."

"வேற எப்படி? ஒண்ணு இந்த வீட்டுல சைக்கிள் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

எட்டு வயது மகா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு அப்பா முகத்தைப் பார்த்தாள்.

"சரி, வித்துடறேன்" என்றான் சிவசங்கரன்.

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வான் என்று இளவேனில் நினைக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலமே ஆபீஸ் நண்பன் ஹரிஷ்குமார் வந்து, புது ஹெல்மெட்டோடு சேர்த்து சைக்கிளை எடுத்துப் போனான். லிப்ட் கதவு மூடும்வரை சிவசங்கரன் வாசலிலேயே நின்றான். அவளுக்கு லேசாகப் பாவமாக இருந்தது. டைனிங் டேபிள் ஹாலுக்குத் திரும்பியதும் அதுவும் போய்விட்டது.

மறுநாள் அவள் எட்டரைக்கு எழுந்து வந்தபோது, சிவசங்கரன் கையில் ஸ்கூட்டர் சாவியோடு நின்றான்.

"இளா, ஒரு இடம் வரைக்கும் போயிட்டு சீக்கிரம் வந்துடறேன்."

"சைக்கிள் போனா ஸ்கூட்டரா! வீட்டுல இருந்தா முள்ளு குத்துதா உங்களுக்கு? இன்னைக்கு எங்கயும் போகக்கூடாது. மூணு பேரும் ஒண்ணா உக்காந்து தோசை சாப்பிடப் போறோம். போய்க் குளிச்சிட்டு வாங்க."

என்னவோ சொல்ல வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சாவியை வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டான்.

கொஞ்ச நேரத்தில் மேஜைமேல் இருந்த அவன் போன் அடித்தது. சைக்கிள் கூட்டாளிகளாகத்தான் இருக்கும், நறுக்கென்று நாலு கேட்டுவிடலாம் என்று எடுத்தாள்.

திரையில் 'மாமா' என்று இருந்தது.

அவளுடைய அப்பா! அம்மா போனபிறகு ஆனேக்கல் வீட்டில் தனியாக இருக்கிறார். பக்கத்தில்தான். ஆனால் அவள் பொங்கலுக்குப் போனதோடு சரி.

இவருக்கு எதற்கு அப்பா போன் செய்கிறார்? குழப்பத்தோடு காதில் வைத்தாள். ஹலோ சொல்வதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

"என்ன மாப்ள, மணி ஒம்போதாவுது, இன்னும் காணோம்? ஏழு மணிக்கெல்லாம் வந்துடுவீங்களே, சைக்கிள் பஞ்சரா? இட்லி ஆறிப்போச்சு. பரவால்ல, நீங்க வந்ததும் வேற ஊத்திக்கலாம். ஞாயித்துக்கெழமையானா உங்ககூட உக்காந்து சாப்பிட்டே பழகிடுச்சா, தனியா எறங்க மாட்டேங்குது."

இளவேனில் குளியலறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்புறம்... இன்னைக்கும் இளாவுக்கு ஆபீஸ் வேலைதானா மாப்ள? லீவு நாள்லகூட அந்தப் பொண்ண விடமாட்டேங்குறாங்களே, பாவம். நான் கேட்டேன்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாதீங்க. வரமுடியலையேன்னு வருத்தப்படுவா."