ஒளிச்சுவரின் காது

ஈவார் ஒளிச்சுவரின் ஒரு பலகையைக் கழற்றித் தரையில் வைத்தான். சுவரைச் செய்து கொடுத்த கம்பெனியின் ஆள் அவன்.

"மைக் எங்க இருக்கு? அதை மட்டும் காட்டுங்க, போதும்" என்றேன்.

அவன் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் நிர்வாகத்திடம் காசு வாங்குகிறவன் எங்கே உண்மையைச் சொல்லப் போகிறான்?

எங்கள் காப்பீட்டு நிறுவனத்தின் வரவேற்புக் கூடத்தில் மூன்று மாதமாக இந்தச் சுவர் நிற்கிறது. எதிரே போய் நின்றால் நம் உயரத்துக்கு ஆரஞ்சு ஒளி திரண்டு வரும். நகர்ந்தால் கூடவே நகரும். இரண்டு பேர் நின்றால் இரண்டு ஒளியும் ஒட்டிக்கொள்ளும். 'எப்போதும் உங்கள் அருகில்' என்பது நிறுவனத்தின் வாசகம். அதை எழுதி வைத்தால் போதாதாம், வெளிச்சத்தால் சொல்லிக் காட்ட வேண்டுமாம்.

எனக்கு முதல் நாளே சந்தேகம் தட்டியது. வாடிக்கையாளர் எல்லாம் தொலைபேசியிலேயே காரியத்தை முடித்துக்கொள்கிறார்கள். இந்தக் கட்டடத்துக்குள் யார் அருகில் இருப்பதற்கு இத்தனை செலவு?

"பேச்சைப் பாத்துப் பேசு சிக்னே. இதுக்குக் காது இருக்கு" என்று முதலில் எச்சரித்தவள் டீசா.

டீசா பக்கத்து மேசைக்காரி. பத்து மணிக் காபிக்கு என் கூட்டாளி. காபி நேரத்தில் எழுந்திருக்காமல் வேலை பார்ப்பவரைக் கோத்தன்பர்க் நகரத்தில் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். நாங்கள் இருவரும் கோப்பையோடு கீழே இறங்கி வந்து சுவருக்கு எதிரே நிற்போம்.

போன வாரம் அங்கே நின்றுதான் அவளிடம் சொன்னேன், மால்மோ நகரத்தில் ஒரு வேலைக்கு நேர்காணல் போய் வந்ததை. அநேகமாகக் கிடைத்துவிடும் என்றும் பீற்றிக்கொண்டேன். ஆள்குறைப்பு பற்றிய பேச்சு அடிபட்ட நேரம் அது. கூடத்தில் வேறு ஈ காக்கை இல்லை.

இந்த வாரத் தொடக்கத்தில் மால்மோக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். வெட்கமாக இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

நேற்று மேலாளர் ராக்னில் என்னை அறைக்குள் அழைத்து, வாயெல்லாம் பல்லாகக் கை குலுக்கினார்.

"நீ மால்மோ போறியாமே, ரொம்ப சந்தோஷம். உங்க பிரிவுல ஒருத்தரைக் குறைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. கடைசியா சேர்ந்தவங்களத்தான் முதல்ல அனுப்பணும், சட்டம் அப்படி. எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தூக்கமே இல்ல. நீயா போறதால யாரையும் அனுப்ப வேண்டாம். வெள்ளிக்கிழமைக்குள்ள ராஜினாமாவைக் குடுத்துடு."

அங்கிருந்து நேராகத் தொழிற்சங்கத்துக்குப் போனேன். சுவர் ஒட்டுக்கேட்கிறது, திறந்து காட்டச் சொல்லுங்கள் என்று ஒற்றைக் காலில் நின்றேன். அதனால்தான் இன்று ஈவார் வந்திருக்கிறான்.

"மைக்கும் இல்ல, கேமராவும் இல்ல. சூடு மட்டும்தான் இதுக்குத் தெரியும்" என்றான்.

என்னைத் தள்ளி நிற்கச் சொன்னான். தன் காபிக் கோப்பையை ஒரு முக்காலிமேல் வைத்துவிட்டு அவனும் விலகினான். கோப்பைக்கு எதிரே குட்டியாக ஓர் ஆரஞ்சு ஒளி திரண்டு வந்தது.

"பாத்தீங்களா? இதுக்கு நீங்களும் காபியும் ஒண்ணுதான்."

நான் விடவில்லை. கைபேசி வெளிச்சத்தில் தலையை உள்ளே விட்டுத் துழாவினேன். ஒயர்களும் விளக்குகளும்தான் இருந்தன. பலகையை மாட்டிவிட்டு அவன் போன பிறகும் அங்கேயே நின்றேன். எனக்கு அழுகை வந்தது.

பத்து மணிக்கு டீசா இறங்கி வந்தாள். இரண்டு கையிலும் காபி, கக்கத்தில் இலவங்கப்பட்டை பன் பொட்டலம்.

"என்னடி சொன்னான் அந்த ஆளு? காது இருக்கா, இல்லையா?"

"இருக்காம்" என்றேன்.

சுவர்ப் பக்கம் திரும்பி, கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன். "நான் மால்மோ போகல. ராஜினாமாவும் குடுக்கல. இங்கயேதான் இருக்கப் போறேன்."

டீசாவின் கோப்பை சரிந்து, காபி அவள் காலணிமேல் கொட்டியது. துடைக்கக்கூட அவள் குனியவில்லை.

எங்கள் பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவள் அவள்தான்.