புதிய பாஸ்வேர்டு

சண்டை வரும்போதெல்லாம் குமரவேல் வைஃபை பாஸ்வேர்டை மாற்றிவிடுவான். அன்றைக்கு அவன் மனைவி தில்லைநாயகி எடுக்க வேண்டிய ஆன்லைன் வகுப்பில் பிள்ளைகள் டீச்சரைக் காணாமல் கலைந்துபோவார்கள். மூன்றாவது முறையும் அப்படி நடந்தபின் அவளே போய் ஒரு ரௌட்டர் வாங்கிவந்தாள். ஹாலில் அவன் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மோடத்தின் பின்னால் இருந்த பொத்தானை அழுத்தி அதன் வைஃபையை அணைத்தாள். ஒயரின் ஒரு முனையை மோடத்திலும் மறுமுனையைப் புது ரௌட்டரிலும் செருகினாள். போனில் புதுப் பாஸ்வேர்டு போட்டாள். டிவியில் பந்துவீச்சாளர் ஓடிவந்த கோலத்திலேயே நின்றுவிட்டார்.

"ஏய், பாஸ்வேர்டு என்ன?"

"எம் பேருதான். இங்கிலீஷ்ல, முழுசா."

கல்யாணமான இந்த இருபது வருஷத்தில் அவன் அதை எழுதியதே இல்லை. ரிமோட்டை எடுத்து ஒவ்வோர் எழுத்தாக அழுத்தினான். தவறு என்றது டிவி. வேறு மாதிரி எழுதிப் பார்த்தான். அதுவும் தவறு.

"எழுத்தச் சொல்லித் தொலை," என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"பீரோவுல என் ஆதார் இருக்கு. எடுத்துப் பாத்துக்கங்க."

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஹாலில் ரிமோட் பொத்தான்களின் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. லேப்டாப்பைத் திறந்து, பிள்ளைகளின் பெயர்களை ஒன்றுவிடாமல் வாசிக்கத் தொடங்கினாள்.