சாய்வாக ஒரு வெட்டு

"கையை எடுங்க! முதல்ல பிளக்கைப் பிடுங்குங்க!"

வாசலிலிருந்து மனைவி போட்ட சத்தத்தில் அவன் கையிலிருந்த ஸ்பேனர் நழுவி விழுந்தது. கார் ஷெட்தான் அவர்கள் வீட்டுப் பட்டறை. மரவேலை அவள் தொழில். அவனுக்கு ஆபீஸ் உத்தியோகம். ரம்ப மேசையைத் தொட்டதே இன்றுதான். கையில் இருந்ததோ ஒரே ஒரு கனமான பிளைவுட் துண்டு. அது கெட்டால் வேறில்லை.

"ஸ்விட்ச் ஆஃப்லதாம்மா இருக்கு."

"பிளேடைச் சாய்க்கும்போது பிளக் வெளியில இருக்கணும். எத்தனை தடவை சொல்றது?"

பிடுங்கினான். பிளேடு நாற்பத்தைந்து டிகிரிக்கு மேல் சாய மறுத்தது.

"இதுக்கு மேல வரலையே. நீ ஓரம் கத்தி மாதிரி வேணும்ங்கிறே."

"வராது. பலகையைப் படுக்க வைக்காம நிமிர்த்தி வைங்க. அப்ப பிளேடு கொஞ்சம் சாஞ்சாலே போதும்."

நிமிர்த்தினான். பலகை ஆடியது.

"அப்படியேவா அறுப்பீங்க? மேசை மேல மரத்தை அணைச்சுப் பிடிக்கிற கைடு இருக்குல்ல, அதுல உயரமா ஒரு பலகையைத் திருகுங்க. அதை ஒட்டிப் போற மாதிரி ஒரு கட்டையில பிளைவுட்டை கிளாம்ப் போட்டு இறுக்குங்க. கட்டையைத்தான் தள்ளணும். பிளேடு பக்கம் விரல் போகக் கூடாது."

"ஒரு வெட்டுக்குக் கல்யாண ஏற்பாடு மாதிரியில்ல இருக்கு!"

"விரல் பத்தும் வேணும்னா பண்ணுங்க. பிளேடைச் சுத்தி இடைவெளி இருக்குல்ல? ஓரம் உள்ள இறங்கிடும். மெல்லிசா ஒரு ஷீட் போட்டு மூடுங்க."

மூடினான். வியர்வை கண்ணில் இறங்கியது.

"பிளேடு கைடு பக்கம் சாஞ்சிருக்கே! கைடை அந்தப் பக்கம் மாத்துங்க. அறுந்த துண்டு நடுவுல மாட்டினா நேரா உங்க வயித்துலதான் வந்து அடிக்கும்."

அவன் பொறுமை அத்துடன் தீர்ந்தது.

"இவ்வளவு தெரிஞ்சவ, உள்ள வந்து நீயே அறுக்க வேண்டியதுதானே!"

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் அசரவில்லை.

"வரத்தானே போறேன். நீங்க அறுங்க."

கைடை மாற்றினான். பிளக்கை மாட்டி, ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று கட்டையை மெதுவாகத் தள்ளினான். ரம்பம் அலறி அடங்கியது. பலகையின் ஓரம் நகம் போல மெலிந்து வந்திருந்தது. பத்து விரலும் பத்திரம்.

"தூக்கிக் காட்டுங்க. நடுவுல தள்ளாம நின்னுட்டீங்க. கருகியிருக்கு பாருங்க."

"சாமி, ஆளை விடு!"

பல்லைக் கடித்தபடி பலகையைக் கொண்டுபோய், வாசலில் சற்றே படி போல உயர்ந்திருந்த பட்டறைத் தரையின் ஓரத்தில், சரிவு வெளியே பார்க்க வைத்துத் திருகினான்.

அவளுடைய சக்கர நாற்காலி குலுங்காமல் அதன்மேல் ஏறி, விபத்துக்குப் பிறகு முதன்முறையாகப் பட்டறைக்குள் உருண்டு வந்தது.

"நகருங்க," என்றாள். "இனிமே தொண்டை கிழியக் கத்த வேணாம். பக்கத்துலயே இருந்து சொல்றேன்."