புதன்கிழமைச் சலவை

யார் எப்போது துவைப்பது என்று குறிக்கும் முறைப் பலகையில், மரீட்டா இந்தப் புதன்கிழமையும் தன் வீட்டு எண் போட்ட சிறு பூட்டை மாட்டிச் சலவை அறையைப் பிடித்துக்கொண்டாள். துணியோ துவைக்கவில்லை.

வெஸ்டெரோஸ் நகரத்தின் அந்தக் குடியிருப்பில் கொலையைக்கூட மன்னித்துவிடுவார்கள். சலவைக்கு முறை எடுத்துவிட்டு இயந்திரத்தைச் சும்மா போட்டவரை மன்னிக்க மாட்டார்கள்.

"சலவை அறைக்குள்ள என்னமோ பிளிறுற சத்தம் கேக்குது தலைவரே. என் போர்வை எல்லாம் அழுக்கா கிடக்கு," என்றார் மூன்றாம் மாடி ஸ்டெல்லான்.

குடியிருப்புச் சங்கத் தலைவர் டோர்க்னி அப்போதுதான் நகராட்சிக் கூட்டத்தில் பேசிவிட்டு வந்திருந்தார். 'இளையோர் மனநலத்துக்குக் கலை' என்பது தலைப்பு. நல்ல கைதட்டல். வீடுகளில் யாரும் வாத்தியம் வாசிக்கக் கூடாது என்று சங்கத்தில் விதி கொண்டுவந்தவரும் அவர்தான். கேட்டால், அது வேறு, இது வேறு என்பார்.

கோட்டைக்கூடக் கழற்றாமல் நிலவறைக்கு இறங்கினார்.

சலவை அறை வாசலில், பஸ் ஓட்டுநர் சீருடையோடு மரீட்டா முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"துணி எங்க, மரீட்டா?"

"என் குளியல் தொட்டியில. கையாலயே துவைச்சுக்கிறேன்."

"அப்ப உள்ள யாரு?"

"ஒரு பொண்ணு. வாசிச்சுக்கிட்டிருக்கா. முன்னெல்லாம் சாப்பிட மாட்டா, தூங்க மாட்டா, பரீட்சைன்னா கை நடுங்கும். வாசிக்கிறதை விட்டுடாதேன்னு ஸ்கூல் நர்ஸ் சொன்னாங்களாம். இப்ப எவ்வளவோ தேவலை."

"வீட்டுல தெரியாதா?"

"கவனிக்க நேரமில்லை போல."

டோர்க்னிக்கு மேடைச் சூடு இன்னும் தணியவில்லை.

"என்ன பெத்தவங்க இவங்க? பிள்ளையை நிலவறைக்கு விரட்டிட்டு மேல சொகுசா உட்கார்ந்திருக்காங்க. யாருன்னு சொல்லுங்க, நான் பேசறேன்."

"பேசுங்க," என்று மரீட்டா கதவைத் திறந்தாள்.

உள்ளே கன்னம் சிவக்க டிரம்பெட் ஊதிக்கொண்டிருந்தாள் ஸ்வேயா. அவருடைய ஒரே மகள். புதன்கிழமைதோறும் தோழி வீட்டில் கணக்குப் படிப்பதாக அவர் நம்பியிருந்தார். தலைவர் வீட்டிலேயே விதியை மீறலாமா என்று அந்த டிரம்பெட்டைப் பரணில் ஏற்றியதும் அவரேதான்.

"நிறுத்திடறேன்பா," என்றாள் ஸ்வேயா. டிரம்பெட் பிடித்திருந்த கை நடுங்கத் தொடங்கியது.

அந்த நடுக்கத்தை அவர் இன்றுதான் பார்க்கிறார்.

படிக்கட்டிலிருந்து ஸ்டெல்லான் குரல் கொடுத்தார். "என்ன தலைவரே, துவைக்கிறாளா இல்லையா?"

டோர்க்னி காலி இயந்திரத்தின் கதவைச் சாத்திப் பொத்தானை அழுத்தினார். அது கடகடவென்று சுற்ற ஆரம்பித்தது.

"துவைக்கிறாங்க ஸ்டெல்லான். நிறைய துணி. நீங்க போய்ப் படுங்க."

மகளிடம் மெதுவாகச் சொன்னார்: "நீ வாசிம்மா."

வெளியே வந்ததும் மரீட்டா கேட்டாள். "இதுக்கு அந்த விதியையே எடுத்துடலாமே?"

"அதெப்படி? சங்கத்துல என் மரியாதை என்ன ஆகறது?"

சொல்லிக்கொண்டே முறைப் பலகையில் வியாழக்கிழமை மாலைக்குத் தன் வீட்டுப் பூட்டை மாட்டினார்.